முதுகில் கிழிந்த சட்டை

வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். பதில் வருமோ வராதோ, கேட்டுவிடுகிறேன். நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. வாய் வழக்கம்போல நன்றாகவே இருக்கிறது. எனக்குக் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நீ உள்துணி மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாம்பல் நிறக் கோட்டு இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது, கோபித்துக்கொள்ளாதே.

உன் போன் பன்னிரண்டு நாளாக அணைந்து கிடக்கிறது. நேற்று உன் அலுவலகத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். துணி தைக்க வந்தவர் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகக் கையில் ஒரு கால்சட்டையைக் கொண்டுவந்திருந்தார். நீ பத்திரமாக இருக்கிறாய் என்றும், விசாரணை முடியும்வரை வெளி ஆட்களோடு பேசக் கூடாது என்றும், கடிதம் கொடுத்தால் அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு உன்னிடம் சேர்ப்பார்கள் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். கூடப் பிறந்தவள் வெளி ஆளா என்று கேட்டேன். கால்சட்டையை ஒரு அங்குலம் குட்டையாக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற அந்த ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, உங்கள் கால்சட்டை தயார்.

உன் உத்தியோகத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை வரக் கூடாது என்று சொல்லியிருந்தாய். ஏழு வருஷம் அதைக் காப்பாற்றினேன். இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? படிக்கிறவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். பயணிகளோடு பயணியாக விமானத்தில் உட்கார்ந்து, கோட்டுக்குள் துப்பாக்கியோடு காவல் இருக்கிறவன் என் தம்பி என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் நீயாகவா சொன்னாய்? கோட்டின் இடப்பக்கத்தை மட்டும் ஒன்றரை அங்குலம் கூட விட்டுத் தைக்கச் சொன்னாய். கக்கத்தில் என்னடா, கட்டியா என்று கேட்டேன். சிரித்தாய். அளவெடுக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? அப்பாவைப் பொறுத்தவரை நீ இன்னமும் மருந்துக் கம்பெனியில்தான் இருக்கிறாய். முழங்காலுக்கு நீ வாங்கி அனுப்புகிற மாத்திரை உங்கள் கம்பெனித் தயாரிப்புதான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

விமானத்தில் யாரோ போனில் எடுத்து ஊரெல்லாம் பரவிய அந்த வீடியோப் படத்தை முதலில் எனக்குக் காட்டியது, கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க வருகிற பெண். விமானத்தின் நடைவழியில் ஒரு மனிதர் குப்புறக் கிடக்கிறார். அவர் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஒருவன் துப்பாக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறான். வரிசை வரிசையாகப் பயணிகள் தலையில் கையை வைத்துக் குனிந்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. அவன் முகம் தெரியவில்லை. உன் கறுப்புக் கோட்டு தெரிந்தது, தம்பி. அந்தக் காலரை நான் மூன்று தடவை பிரித்துத் தைத்திருக்கிறேன். காஜாப் பெண், "பாவி, எப்படி நிக்கிறான் பாருங்கக்கா" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

அன்றிலிருந்து கடையில் இதே பேச்சுதான். இறங்கும்வரை நாற்பது நிமிஷம் இருநூறு பேரைக் கைதிகளைப் போலக் குனிய வைத்தானாமே என்கிறார்கள். ஆகாயத்தில் துப்பாக்கி வெடித்து எங்கேயாவது ஓட்டை விழுந்தால் இவனா அடைப்பான் என்கிறார்கள். காவலுக்கு வந்தவனைக் கண்டே பயப்பட வேண்டியிருந்தால் அப்புறம் எதற்குக் காவல் என்று ஒரு வாத்தியார் கேட்டார். இத்தனை வருஷம் ஒரு ஆபத்தும் வராமல் போனதில் இவர்களுக்கும் பங்கு இருக்காதா என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

இன்னொரு செய்தி. எப்படி எழுதுவது என்று தெரியாமல் கடைசிக்குத் தள்ளினேன். அப்பா பத்திரிகைக்கு எழுதிய கடிதம் அச்சில் வந்துவிட்டது. இருபது வருஷமாகத் தெருவிளக்கு, சாக்கடை என்று எழுதிப்போட்டு ஒன்றும் வராத மனிதருக்கு முதல்முறையாகப் பெயரோடு வந்திருக்கிறது. முப்பத்தொரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தேன், குடித்தவன், கத்தி வைத்திருந்தவன், பெண்களிடம் வம்பு செய்தவன் எல்லாரையும் சமாளித்தேன், என்னிடம் இருந்தது ஒரு விசில் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார். யார் என்றே தெரியாதவனை ஆயுதத்தோடு நடுவில் உட்கார வைத்தால், அவனே பயந்துபோகிற நாளில் மற்றவர்களை யார் காப்பது என்று கேட்டு முடித்திருக்கிறார். அண்டை வீடுகளுக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. "சின்னவனுக்கு ஒண்ணு அனுப்பு பாப்பா. அவன்தானே மாசத்துல பத்து நாள் ப்ளைட்லயே இருக்கான். அவன் பக்கத்துலயும் இந்த மாதிரி எவனாவது உக்காந்திருப்பான், ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு" என்றார். இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வரி எழுது.

உன் அன்புள்ள
அக்கா


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. முந்தைய கடிதம் உன் கைக்கு வந்ததா என்றும் தெரியவில்லை. அப்பா தினமும் காலையில் பத்திரிகையைப் பிரித்து, தனக்கு யாராவது மறுப்பு எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறார். இல்லை என்றால் கொஞ்சம் வருத்தப்படுகிறார்.

இன்று எழுதுவது வேறு காரியத்துக்காக. நேற்று மதியம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தன் உடுப்பு இரண்டைச் சுருக்க வேண்டும் என்றார். இடுப்பில் டேப்பைச் சுற்றினால் துணி மூன்று அங்குலம் தனியாக நிற்கிறது. என்னம்மா இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். படத்தில் குப்புறக் கிடந்தவர் அவருடைய வீட்டுக்காரர், தம்பி.

வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவராம். மகளுக்குப் பிரசவம் என்று முதன்முதலாக விமானம் ஏறியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் சீட்டு எடுத்ததால் அம்மாவுக்கு முன்னால் இடம், அவருக்கு வெகு தூரம் பின்னால். நடுவானில் விமானம் குலுங்கியிருக்கிறது. குலுங்கினால் இந்த அம்மாவுக்குத் தலை சுற்றும். மாத்திரை வீட்டுக்காரர் சட்டைப் பையில். உட்காரச் சொன்ன பணிப்பெண்ணிடம் ஒரு நிமிஷம் தாயி என்று சொல்லிவிட்டு, மாத்திரை விழுந்துவிடாமல் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வேகமாக முன்னால் போயிருக்கிறார். "பஸ்ஸுல போற மாதிரியே எந்திரிச்சு வந்துட்டாரும்மா, பைத்தியக்கார மனுசன்" என்று அந்த அம்மா சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். சத்தம் கேட்டு இந்த அம்மா திரும்பிப் பார்க்கும்போது வீட்டுக்காரர் தரையில் கிடந்திருக்கிறார்.

வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. காதுக்கு மேலே கை போகாதாம். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் வண்ணம் அடிக்கிறவனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான் என்று கேட்டார். அது போதாதென்று அவர்மேல் வழக்கு வேறு. விமானியின் அறைக்குள் புக ஓடினார், தடுத்த அதிகாரியின்மேல் நேருக்கு நேர் பாய்ந்தார், சட்டைக்குள் கையை விட்டார், அதனால்தான் அதிகாரி அவர் நெஞ்சுச் சட்டையைப் பிடித்துத் தள்ளினார் என்று உங்கள் அலுவலக அறிக்கை சொல்கிறது. நானும் பத்திரிகையில் படித்தேன். அது நீ எழுதிக் கொடுத்ததா, உனக்காக யாரோ எழுதியதா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை.

போகும்போது அந்த அம்மா காகிதத்தில் சுற்றிய ஒரு சட்டையைக் கொடுத்தார். பயணத்துக்கென்று வாங்கிய வெளிர்நீலச் சட்டை. அவமானப்பட்ட சட்டையையே போட்டுக்கொண்டுதான் விசாரணைக்குப் போய் நிற்பேன் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடிக்கிறாராம். கிழிசல் தெரியாமல் தைத்துக் கொடுக்கச் சொன்னார். சனிக்கிழமை தருகிறேன் என்று சொன்னேன்.

அவர் போன பிறகு சட்டையை விரித்தேன். தம்பி, முன்பக்கம் ஒன்றுமே ஆகவில்லை. பட்டன்கள் வரிசையாக இருக்கின்றன. காஜா ஒன்றுகூடப் பிய்யவில்லை. பை அப்படியே இருக்கிறது. நெஞ்சுச் சட்டையைப் பிடித்துத் தள்ளியிருந்தால் நடுவில் இரண்டு பட்டனாவது தெறித்திருக்கும், பட்டன் பட்டை கசங்கியிருக்கும். கழுத்துப் பட்டன் மட்டும் இல்லை. கிழிந்திருப்பது முதுகில். காலருக்குக் கீழே தையல் விட்டு, அங்கேயிருந்து ஒரு சாண் கீழ்நோக்கித் துணி கிழிந்திருக்கிறது. பின்னால் இருந்து காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால்தான் முதுகு இப்படிக் கிழியும், கழுத்துப் பட்டன் இப்படித் தெறிக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கிழிந்த துணியைப் பார்க்கிறேன். இது தெரியாவிட்டால் நான் மெஷினை விற்றுவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டும்.

அவர் உன்மேல் பாயவில்லை. உன்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நீ எழுந்து பின்னால் இருந்து பிடித்தாய். அப்படித்தானே? பயந்துவிட்டாயா? பயந்திருந்தால் அதைச் சொல், நான் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன். உன் வேலையில் அரை நொடிதான் இருக்கும், எனக்குப் புரிகிறது. கத்திரியைத் தவறாக வைத்தால் நான் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம், உனக்கு அது முடியாது. ஆனால் நடந்தது எதுவோ அதைச் சொல்லிவிடு. சட்டை என் மேசைமேல் இருக்கிறது. இன்னும் ஊசி வைக்கவில்லை. சனிக்கிழமைக்குள் ஒரு வரி எழுது.

உன்
அக்கா


திங்கள்கிழமை

தம்பி,

இதை அந்த ஐயா படிக்கப் போவதில்லை. காகிதம் சரசரக்கும் என்று கோட்டு உள்துணித் துண்டில் எழுதுகிறேன். மை பரவியிருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். நாளை அவர் உன் சாம்பல் நிறக் கோட்டை வாங்கிப் போக வருகிறார். புதன்கிழமை நீ திரைக்குப் பின்னால் நின்று சாட்சி சொல்லப் போகிறாயாம், போட்டுக்கொள்ள நல்ல கோட்டு வேண்டுமாம். அதன் இடப்பக்கத்தில் இதை வைத்துத் தைக்கப் போகிறேன்.

போன கடிதத்தில் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான். யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்துகொண்டே சட்டையைப் பற்றி ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததுமே ஐயா வந்துவிட்டார். கால்சட்டையைப் போட்டுப் பார்த்தார், அளவு சரியாக இருக்கிறது என்றார். பிறகு நீலச் சட்டை எங்கே என்று கேட்டார். காட்டினேன். கிழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தார். "தைக்கத்தானே குடுத்தாங்க? தைச்சுக் குடுத்துடுங்க. உங்க வேலை சுத்தமா இருக்கும்னு தம்பி சொல்லியிருக்காரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் மிரட்டினார் என்று யாரிடமும் சொல்ல முடியாது. நீ அப்படி நிஜமாகவே சொன்னாயா என்பதையே நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தைத்தேன், தம்பி. சட்டையின் கீழ் மடிப்பைப் பிரித்து, அதிலிருந்தே நூலை உருவி, இழையோடு இழை சேர்த்தேன். அன்று காலையில் உட்கார்ந்தவள் கடை சாத்துகிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் எதையும் தைத்ததில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்கூட இடம் தெரியாது. கேட்டதைச் செய்து கொடுத்தேன் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இதைத் தைக்காதீர்கள் அம்மா, இப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு குத்துக்கும் அது தொண்டை வரைக்கும் வந்தது.

சனிக்கிழமை அந்த அம்மா சட்டையைப் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது எனக்கு.

நேற்று மறுபடியும் வந்தார். அவர்கள் வக்கீல் அப்போதுதான் சட்டையைப் பற்றி விசாரித்திருக்கிறார். எங்கே கிழிந்திருந்தது என்று கேட்டவர், தைத்தாகிவிட்டது என்றதும் தலையில் அடித்துக்கொண்டாராம். கிழிந்தபோது யாரும் படம்கூட எடுத்து வைக்கவில்லை. தைத்த சட்டையைக் காட்டினால் சிரிப்பார்கள். தைத்தவர் வந்து சொன்னால் மட்டும் கேட்பார்கள் என்று அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நானேதானேம்மா தைக்கச் சொன்னேன். உங்க மேல என்ன தப்பு? வந்து பார்த்ததை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அப்பா கடையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். என்னைப் பெற்றதற்கு இன்றைக்குத்தான் பெருமைப்படுகிறாராம். "நீ போய்ச் சொல்லணும் பாப்பா. எவனுக்கும் பயப்படாதே. நானும் வந்து முன்வரிசையில உக்காருறேன். திரைக்குப் பின்னாடி நிக்கிறவன் குரலையாவது கேக்கணும் எனக்கு" என்றார். அந்த அம்மா அவரைக் கும்பிட்டார். நான் நூல்கண்டைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், தம்பி. நீ ஒரு தடவை தொண்டையைச் செருமினால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும்.

வர மாட்டேன் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் என்று கேட்பார். போய்ச் சொன்னால் நீ என்ன ஆவாய்? அங்கே போய், கிழிசலைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அந்த மனிதர் கீழ்ச்சுவர் வேலையும் இல்லாமல் சிறைக்குப் போவார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை, பார்க்கலாம் என்றேன். அந்த அம்மா தலைவலி மாத்திரை இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டார்.

பத்து மணிக்கு முதலில் நீ பேச வேண்டும் என்றும், அவர்கள் பக்கத்துச் சாட்சிகள் அதற்குப் பிறகுதான் என்றும் வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன். நீ சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாய், நான்தான் உடைத்தேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல எனக்கு வழி இல்லை. அந்தச் சட்டையின் வாயை நான் தைத்துவிட்டேன். மீதி இருப்பது இரண்டு வாய், ஒன்று உன்னுடையது, இன்னொன்று என்னுடையது. நீ முதலில் சொல்லிவிடு, தம்பி. வேலை போகட்டும். ஊர் திட்டட்டும், அப்பாவும் திட்டட்டும், நான் அவரைச் சமாளித்துக்கொள்கிறேன். உன்னை எதிர்த்துப் பேச என்னை மட்டும் கூப்பிட விடாதே.

கோட்டின் இடப்பக்கத்தில் விட்டிருந்த ஒன்றரை அங்குலத்தை உள்ளே பிடித்துத் தைத்துவிட்டேன். போட்டால் அந்த இடம் இறுக்கும். இறுக்குகிறதே என்று நீ தையலைப் பிரித்திருந்தால் இதைப் படித்துக்கொண்டிருப்பாய். பிரிக்காமலே போட்டுக்கொண்டு போனாலும் சரி, நான் கேட்டது உன் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இனி அந்தக் கோட்டில் உன் உடம்பு மட்டும்தான் நுழையும்.

நல்லபடியாக இரு, கண்ணு. புதன்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

உன்
அக்கா